கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதும்

அக்டோபர் 4, சனி

இன்று பழம் ஊறவைக்கும் நாள். அக்டோபர் முதல் சனிக்கிழமை கேக்குக்குப் பழம் ஊறவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான வருடம் ஹெப்சிபா ஆரம்பித்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தேதி மாறியதில்லை. மாறாமல் பார்த்துக்கொண்டது நான். தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் டைம் ஆபீஸில் இருந்தவன். சங்கு ஊதி ஒரு நிமிடம் கழித்து வந்தவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் போட்ட கை இது.

இந்த வருடம் நறுக்கியதும் நான்தான். ஹெப்சிபா கரி அடுப்புப் பக்கம் நாற்காலியைப் போட்டு, இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணினாள்.

"ஏங்க, அது செர்ரியா, கரிக்கட்டையா? இன்னும் பொடிசா நறுக்குங்க. பேரீச்சையில கொட்டை இருக்குதான்னு பாத்தீங்களா? போன வருஷமே ஆயரு பல்லு ஆடிப்போச்சு."

"அவரு பல்லு அதுக்கு முன்னாடியே ஆடிட்டுத்தான் இருந்துச்சு" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

திராட்சைச் சாறு ஊற்றி, சபைக்குத் தெரியாமல் இரண்டு மூடி ரம்மும் ஊற்றி, ஜாடியை இறுகக் கட்டினேன். நாலு மணிக்கே மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது. குன்னூரில் அக்டோபர் பிறந்தால் சூரியன் மெடிக்கல் லீவு போட்டுவிடும். இஞ்சி டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாயங்காலம் இதுதான்.

இதையும் எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 26 அன்று கோயம்புத்தூரில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கேன்சராம். கல்லீரல்வரை போய்விட்டதாம். "ரெண்டு மாசம். மிஞ்சிப்போனா மூணு" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதம் என்றால் டிசம்பர் 26. மகள் பெனிட்டா ஊருக்கு வரும் டிக்கெட் டிசம்பர் 22. சரியாக வருகிறது.

ஹெப்சிபாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சாயங்காலம் பெனியின் வீடியோ கால். எங்களுக்கு ஒரே பெண். அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போனைத் திருப்பித் தெருவைக் காட்டினாள். மரமெல்லாம் சிவந்து, இலை கொட்டிக் கிடந்தது. "பாத்தியாம்மா, மிதிச்சா அப்பளம் மாதிரி நொறுங்குது" என்று நடந்து காட்டினாள். ஹெப்சிபாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அம்மா ஏன் மெலிஞ்சிருக்காங்க?"

"அல்சர். காரம் சேக்கிறதில்ல, அதான்" என்றேன்.

"டிக்கெட்ட முன்னாடி மாத்தவாப்பா?"

"எதுக்கு? இருக்கிற லீவையே கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருக்கே. கிறிஸ்துமஸுக்கு வந்தா போதும்."

ஹெப்சிபா என்னைப் பார்த்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒயின் போட்டாயிற்று. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கிராம்பு, பட்டை. தினமும் காலையில் மரக்கரண்டியால் கிளற வேண்டும், ஒரே பக்கமாக. மாற்றிக் கிளறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது, என் மாமியார் சொன்னாங்க, அதனால செய்யறேன்" என்றாள். என் அம்மாவை இழுக்காமல் இவளுக்கு ஒரு வேலையும் ஓடாது.

மத்தியானம் கஞ்சி அரை டம்ளர்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மேல் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. ஆசையாக ஒரு விள்ளல் தின்றாள். தங்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. பெட்டியிலிருந்து கம்பளியெல்லாம் எடுத்துக் கொடியில் போட்டேன். பெனியின் பழைய சிவப்பு ஸ்வெட்டரை ஹெப்சிபா மடியில் வைத்துக்கொண்டாள். பாச்சா உருண்டை வாசனை போகட்டும், வெளியே போடு என்றேன். தரவில்லை.

"ஏங்க. பெனியக் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லலாமா?"

"அவளுக்கு லீவு இருபதாம் தேதிக்கு மேலதான்."

"கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"கேட்டா கிறிஸ்துமஸுக்கு இல்லன்னுடுவாங்க. அப்புறம் குத்துவிளக்கு மாதிரி நாம ரெண்டு பேரும் எதிரெதிரே உக்காந்திருக்கணும். உனக்கு என்ன அவசரம்? இன்னும் அம்பத்தாறு நாள்தான்."

அவள் ஸ்வெட்டரை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

நான் செய்தது சரிதான். பிள்ளை அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறது. இதைக் கேட்டால் அங்கே யார் இருக்கிறார்கள் பிடித்துக்கொள்ள?

நவம்பர் 4, செவ்வாய்

வலிக்கு ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். சபையில் இருக்கிற சுகிர்தா சிஸ்டர், ரிட்டயரான நர்ஸ், தினமும் இரண்டு வேளை வந்து போடுகிறார். போகும்போது வாசலில் நின்று, "பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா சார்?" என்றார்.

"கிறிஸ்துமஸுக்கு வர்றா."

"அத நான் கேக்கல சார்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். எல்லாருக்கும் அடுத்த வீட்டு விஷயத்தில்தான் எவ்வளவு அக்கறை!

நவம்பர் 9, ஞாயிறு

எதிர் வீட்டுக்காரன் இன்றே ஸ்டார் கட்டிவிட்டான். நவம்பர் ஒன்பது! பட்டாசுக் குப்பையே இன்னும் சாக்கடையில் மிதக்கிறது. நம் வீட்டில் ஸ்டார் கட்டுவது கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்னால், அட்வெந்து முதல் ஞாயிறுதான், சாயங்காலம் ஆறு மணிக்கு.

ஹெப்சிபா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாமளும் இன்னிக்கே கட்டிருவோமே" என்றாள்.

"எந்த வருஷம் கட்டியிருக்கோம் இப்படி?"

"இந்த வருஷம் கட்டுவோம்."

முடியாது என்றுவிட்டேன். ஒவ்வொன்றும் அதனதன் நாளில் நடக்க வேண்டும். பழம், ஒயின், கேக், ஸ்டார், கெரோல், குடில், பிறகு கிறிஸ்துமஸ். வரிசை குலையாமல் போனால் கிறிஸ்துமஸ் வந்தே தீரும். அவளும் இருப்பாள். ஒன்றை முன்னால் இழுத்தால் அப்புறம் என்ன நம்பிக்கை இருக்கிறது? இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. சத்தம்தான் போட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

ஊசி போட்டு சிஸ்டர் போன பிறகு, ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "அல்சருக்கு மார்ஃபின் போடுவாங்களா?"

நான் அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எடுத்தவகிட்ட வந்து அல்சர்ங்கிறீங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க பயப்படாதீங்க. பிள்ளைய மட்டும் வரச் சொல்லுங்க."

கரிப் புகை. கண் எரிந்தது. பின்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பெனியின் கால். அங்கே ஏதோ கடையில் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் வாங்கியிருக்கிறாளாம். மணி, கண்ணாடி உருண்டை, மரத்தில் செய்த மான். ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஹெப்சிபாவுக்குத் தலையணை வைத்து, பவுடர் போட்டு, நல்ல புடவை சுற்றி உட்காரவைத்திருந்தேன். வெளிச்சம் குறைவாக இருக்கிற பக்கமாக.

"பெனி, கண்ணு, நீ கொஞ்சம்" என்று ஹெப்சிபா ஆரம்பித்தாள். அப்போது பார்த்து நெட்வொர்க் போய்விட்டது. மழைக் காலத்தில் இந்த மலையில் இது ஒரு சனியன். பிறகு கிடைக்கவே இல்லை.

நவம்பர் 22, சனி

கேக் போட்டேன். வெண்ணெயும் சர்க்கரையும் கையால் குழைத்து முழங்கை வீங்கிவிட்டது. சர்க்கரையைக் கருக்கித் தண்ணீர் ஊற்றும்போது முகத்தில் தெறித்தது. கட்டிலிலிருந்தே குரல் வந்தது: "அடுப்ப சின்னதா வைங்க... வாசனை வருது... இப்ப குச்சி விட்டுப் பாருங்க." வாசனையை வைத்தே சொன்னாள். வெந்திருந்தது.

வீடு முழுக்க அந்த வாசனை. வெளியே மழை. பத்து நாளாக மருந்து வாசனைதான், இன்று ஒரு நாள் வீடு வீடாக இருந்தது. ஆற வைத்து, எண்ணெய்த்தாள் சுற்றி, டின்னில் போட்டேன். எங்கள் வழக்கப்படி கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து வந்துதான் கேக்கை வெட்டுவோம். அதற்குமுன் யாரும் தொடக் கூடாது. பெனி ஆறு வயதில் சுரண்டித் தின்றதற்கு முட்டி போட்டிருக்கிறாள்.

"ஒரு துணுக்கு குடுங்க" என்றாள் ஹெப்சிபா.

"கிறிஸ்துமஸுக்கு."

"நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுறேன். எப்படி வந்திருக்குன்னு பாக்கணும்."

"இன்னும் ஒரு மாசம்தான் ஹெப்சி. எல்லாரும் சேந்து வெட்டுவோம்."

"எல்லாரும்னா?" என்றாள்.

டின்னை மூடிப் பரணில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

அட்வெந்து முதல் ஞாயிறு. ஆறு மணிக்கு ஸ்டார் கட்டினேன். அவளைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. கனமே இல்லை. "எரியுதா?" என்று கேட்டாள். அவள் முகத்துக்கு நேரேதான் எரிந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 3, புதன்

கெரோல் பார்ட்டி வந்தது. வழக்கமாக டிரம் அடித்துக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தா ஆட்டத்தோடு வருவார்கள். இன்று டிரம்மைக் கேட்டிலேயே வைத்துவிட்டு, மெல்லிய குரலில் ஒரே ஒரு பாட்டு. ஆயர் ஜெபம் பண்ணினார். "உம்முடைய சித்தம்" என்று நாலு தடவை சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. ஆடுங்களேன், எப்போதும் போல ஆடினால் என்ன? யாரும் இங்கே சாகவில்லையே என்று கத்த வேண்டும் போலிருந்தது. மிட்டாய்த் தட்டை நீட்டினேன்.

அவர்கள் போன பிறகு ஹெப்சிபா கேட்டாள். "பெனி வந்துட்டாளா?"

டிசம்பர் 5, வெள்ளி

"பெனி எப்ப வருவா?"

இன்று பதினோரு தடவை.

டிசம்பர் 6, சனி

பரணிலிருந்து டின்னை இறக்கினேன். ஒரு ஓரத்தை வெட்டி, பாலில் கரைத்து, ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துவிட்டார். "வேண்டாம் சார். இப்ப முழுங்க முடியாது, புரையேறிடும். ரெண்டு நாள் லேட்டு."

லேட்டு. என்னைப் பார்த்துச் சொல்கிறார்.

உதட்டில் தடவினேன். அவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

மத்தியானம் இரண்டே முக்கால்.

டிசம்பர் 9, செவ்வாய்

அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பெனி நாளை மறுநாள் வந்து சேருகிறாள். போனில் "திடீர்னு மோசமாயிடுச்சு" என்றேன். அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? நவம்பர் 16 அன்று நெட்வொர்க் போகவில்லை. நான்தான் அமுக்கினேன். போனைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரலாலேயே சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். ஹெப்சிபா பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கையில் போனே கொடுக்கவில்லை. ஓய்வெடு, ஓய்வெடு என்று பெனியின் கால் வரும் நேரத்தில் நானே வெளியே எடுத்துப் போய்ப் பேசினேன். அம்மா தூங்குகிறாள் என்றேன். உள்ளே அவள் கூப்பிடுவது எனக்குக் கேட்டது.

பெனியின் வேலைக்காக, அவள் தனியாக இருக்கிறாள் என்பதற்காக என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். அதெல்லாம் இல்லை. பெனி கிளம்பி வந்து வாசலில் நின்றால் டாக்டர் சொன்னது நிஜமாகிவிடும். அவ்வளவுதான். எனக்குப் பயம். அறுபத்திரண்டு வயது ஆம்பளை, பெண்டாட்டி செத்துப்போவாள் என்ற பயத்தில், சாகிறவள் கேட்ட பிள்ளையை அவளிடமிருந்து ஒளித்துவைத்தேன்.

பெனியிடம் சொல்லிவிடுவேன். வந்ததும் முதல் வேலை அது.

டிசம்பர் 11, வியாழன்

வந்தாள். அடக்கம் ஆயிற்று. இன்று சொல்ல முடியாது. யாராலும் முடியாது.

டிசம்பர் 15, திங்கள்

பெனி அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல செப்டம்பர் இருபத்தாறுன்னு போட்டிருக்கு. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

நாலு நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. நான்தாம்மா, அப்பாதான், என்று ஆரம்பிக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அம்மாதான் உனக்குச் சொல்லக் கூடாதுன்னா. சத்தியம் வாங்கிட்டா."

பெனி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மாவா? என்கிட்டயா சொல்லக் கூடாதுன்னாங்க?"

"உன் வேலை கெட்டுப்போயிடும்னு பயந்தா. கிறிஸ்துமஸுக்கு வந்தா போதும், அதுவரைக்கும் எதுவும் சொல்லாதீங்கன்னு ஒரே பிடிவாதம்."

ஒரு பொய்க்கு நிற்கவில்லை. கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. ஹெப்சிபா ஒரு நாளும் பேசாத வார்த்தைகளை அவள் வாயில் வைத்தேன். அவள் குரல் மாதிரியே சொன்னேன். அவளோடு முப்பத்தொரு வருடம் இருந்தவனுக்கு அது கஷ்டமாக இல்லை.

"என்னைப் பாக்கணும்னு ஒரு தடவகூடக் கேக்கலயாப்பா?"

"கேக்கல" என்றேன்.

பெனி கவரைக் கட்டிலில் வைத்தாள். பிறகு எழுந்து வந்து என் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். "பாவம்ப்பா நீங்க. இவ்வளவையும் ஒத்தையா எப்படித் தூக்கிச் சுமந்தீங்க?"

என்னால் அழக்கூட முடிந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

சுகிர்தா சிஸ்டர் மேட்டுப்பாளையத்துக்கு மகன் வீட்டுக்குப் போகிறார். போகும் வழியில் வந்தார். பெனி உள்ளே இருந்தாள். கேட்டருகில் நிறுத்திவைத்து மெதுவாகச் சொன்னார். "சார், டீச்சர் அந்தப் பிள்ள பேரச் சொல்லிச் சொல்லித்தான் போனாங்க. அது அந்தப் பிள்ளைக்குத் தெரியணும். நான் சொல்றது மொற இல்ல. நீங்க சொல்லுங்க."

"சொல்றேன் சிஸ்டர்."

"எப்ப சார்?"

"கிறிஸ்துமஸ் முடியட்டும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

பெனி அம்மாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். யாராவது வந்து டீச்சர் அப்படி, டீச்சர் இப்படி என்று ஆரம்பித்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள். நேற்று ஹெப்சிபாவின் போட்டோவுக்குச் சட்டம் போட்டு வந்தது. கூடத்தில் மாட்டவா என்று கேட்டேன். "நான் போன பெறகு மாட்டுங்கப்பா" என்றாள்.

சாம்பார் வைத்தாள். ஹெப்சிபா வைக்கிற மாதிரியே இருந்தது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 25, வியாழன்

காலை ஐந்து மணி ஆராதனைக்குப் போனோம். ஆயர் பிரசங்கத்தில் என்னைச் சுட்டிக்காட்டி, தாய்க்குத் தாயாக இருந்து மனைவியைக் கடைசிவரை தாங்கிய சகோதரர் என்றார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் பூ கொண்டுபோவது எங்கள் சபை வழக்கம். கோயிலுக்குப் பின்னால்தான். வெள்ளைச் சாமந்தி வாங்கியிருந்தேன். பெனி கேட்வரை வந்தாள். அதற்குமேல் வரவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்கப்பா."

"ஒரு நிமிஷம் வந்துட்டுப் போம்மா. கிறிஸ்துமஸு."

"முடியலப்பா. வந்து என்ன சொல்லட்டும்? சாகப்போறோம்னு தெரிஞ்சும் என்னைப் பாக்க வேணாம்னு முடிவு பண்ணவங்க. நான் வந்து நின்னா மட்டும் இப்ப என்ன?" குரல் உடைந்தது. "நான் அவங்களுக்கு என்னப்பா பண்ணேன்? ஏம்ப்பா என்னை வேணாம்னாங்க?"

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட ஒரு சந்தர்ப்பம் எந்த மனிதனுக்கும் கிடைக்காது. என் பிள்ளை அழுதுகொண்டே கேட்கிறது. பதில் என்னிடம் இருக்கிறது. இருபதடி தள்ளி அவள் அம்மா படுத்திருக்கிறாள்.

"அவ சுபாவம் அப்படிம்மா" என்றேன்.

தனியாகப் போனேன். பூவை வைத்தேன். மண் இன்னும் ஈரமாக, உப்பலாக இருந்தது. ஜெபம் வரவில்லை. சுற்றிலும் ஒவ்வொரு கல்லறை முன்னாலும் குடும்பம் குடும்பமாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பெனி கேட்டருகில், பனியில், கல்லறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் என் மப்ளரைச் சரிபண்ணிவிட்டாள். "வாங்கப்பா, குளிருது. எனக்கு இனிமே நீங்க மட்டும்தான்" என்றாள்.

ஜனவரி 4 அன்று கிளம்புகிறாள். இன்னும் பத்து நாள் இருக்கிறது. சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.